கொத்துப்பாடம்

பயிற்சி முகாமின் கால அட்டவணையில் அதற்கு விமரிசனப் பாடம் என்று கவுரவமான பெயர் போட்டிருந்தது. பயிற்சிக்கு வந்த வாத்தியார்கள் அதைக் கொத்துப்பாடம் என்றார்கள். கூட்டில் ஒரு கோழிக்கு லேசாக ரத்தம் கண்டால் மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தித் தீர்க்குமே, அந்தக் கொத்து. ஒருவர் எழுந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறை பார்க்க வேண்டும். பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு, நடத்தியவரைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒவ்வொருவராக எழுந்து அவர் முகத்துக்கு நேரே குறையைச் சொல்ல வேண்டும். குறை ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறவருக்கு மார்க்கு குறையும்.

இந்தக் கடைசி விதி பயிற்சி நடத்திய உக்கிரபாண்டியின் சொந்தச் சரக்கு. "குத்தம் பார்க்கத் தெரியாதவன் பிள்ளைக செய்யிற குத்தத்தை எப்படிய்யா திருத்துவான்?" என்று கேட்பார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியது கிடையாது. கத்துகிற மனுஷனாவது கொஞ்ச நேரத்தில் களைத்துப்போவான். இவர் களைக்க மாட்டார். வெள்ளைக் கதர் ஜிப்பாவில் ஒரு சுருக்கம் விழாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அடுத்தது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், போடியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் அந்த முகாம் நடந்தது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலும் மேலே ஏலக்காய்த் தோட்டங்களிலும் பயிற்சி இல்லாமலே வேலைக்குச் சேர்ந்துவிட்ட வாத்தியார்களுக்கான முகாம். கணக்கும் விஞ்ஞானமும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது, காந்தம், தெர்மாமீட்டர், மணிச்சட்டம், படம் காட்டுகிற லாந்தர் இதையெல்லாம் வகுப்பில் எப்படிக் கையாளுவது என்று பயிற்சி. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பாண்டியம்மாளுக்கு மூட்டையைக் கட்டினால் போக ஒரே இடம்தான் இருந்தது. சிலமலையில் அண்ணன் காசிமாயன் வீடு. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு கம்பத்துப் பக்கம் போன பிறகு இரண்டு வருஷம் அங்கேதான் கிடந்தாள். அண்ணன் நல்லவன். எவ்வளவு நல்லவன் என்றால், பெண்டாட்டி தங்கச்சியை என்ன பேசினாலும் காதில் விழாத அளவுக்கு நல்லவன். அண்ணி அவளைத் தொழுவம் கூட்டவிட்டாள், தண்ணீர் சுமக்கவிட்டாள், ராத்திரி அடுக்களை வாசலில் படுக்கவிட்டாள். அப்புறம்தான் எட்டாம் வகுப்புப் படித்த புண்ணியத்தில் மலைச்சரிவில் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூட வேலை வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு ஒற்றை அறை. அந்த அறையின் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முதல் நாள் அவள் அழுதாள். தன் கையால் தாழ்ப்பாள் போடுகிற கதவு அவளுக்கு அதுதான் முதல். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அந்தக் கோடை முழுக்க அவள் மண்டைக்குள் இருந்தது.

ஆகவே கொத்தக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

வீரையா என்று ஒரு வாத்தியார் வந்திருந்தார். ராசிங்காபுரத்துப் பக்கம், தலை நரைத்தவர், முகாமிலேயே மூத்தவர். பாடம் நடத்த எழுந்தாலே சொல்ல வந்தது மறந்துபோகும். தன் முறைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆள் இல்லாத வகுப்பில் பாண்டியம்மாளை உட்கார வைத்து மணிச்சட்டப் பாடத்தை ஒருமுறை நடத்திக் காட்டினார். கம்பி நட்டு மணி கோத்த சட்டம். வலது ஓரக் கம்பி ஒன்றுகள், நடுக்கம்பி பத்துகள், இடது ஓரம் நூறுகள். வீரையா சட்டத்தைத் தன்னைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு மணியைப் போட்டார். அவர் பக்கமிருந்து பார்த்தால் நூற்றி இருபத்தி மூன்று. எதிரே உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளுக்கு முந்நூற்றி இருபத்தி ஒன்று.

"எப்படி ஆத்தா? கொறை எதும் இருக்கா? ஒளிக்காமச் சொல்லு."

"நல்லா இருக்குண்ணே. அப்படியே நடத்துங்க."

மறுநாள் அப்படியேதான் நடத்தினார். பிள்ளைகள் முந்நூறு என்றன, அவர் நூறு என்றார். பிள்ளைகள் மறுபடி முந்நூறு என்றன. அவருக்கு வேர்த்து ஊற்றியது. கொத்து ஆரம்பித்ததும் பாண்டியம்மாள்தான் முதலில் எழுந்தாள். சட்டம் பின்புறமாக இருந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் சொன்னதே சரி, வாத்தியார் சொன்னதுதான் தப்பு என்றாள். உக்கிரபாண்டி முதன்முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீகளா, இதுக்குப் பேருதான் கண்ணு," என்றார். பிறகு வீரையாவிடம், "இத்தனை வருஷமா எத்தனை பிள்ளைகளுக்கு நூறை முந்நூறாக்கினீக?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வீரையாவும் சிரிக்கப் பார்த்தார். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள்.

பஸ்சுக்கு நின்றவரை வழியில் பார்க்கும்படி ஆகிவிட்டது. பார்க்காதது போலப் போகலாம் என்றால் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"ஆத்தா, நேத்து உங்கிட்டத்தான நடத்திக் காட்டுனேன்?"

"அப்பக் கவனிக்கலண்ணே."

"சரி ஆத்தா," என்றார். அவர் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பஸ்சு வந்ததும் ஏறி, தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்தார், பஸ்சு கிளம்பும்வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்சு மறையும்வரை பாண்டியம்மாள் அங்கேயே நின்றாள். ஆனால் அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

முகாம் முடிகிற வாரத்தில் உக்கிரபாண்டி தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். "தண்ணி கொதிக்கிற உஷ்ணம் எவ்வளவு? புத்தகத்துல என்ன போட்டிருக்கு? பாரன்ஹீட்டுல இருநூத்திப் பன்னெண்டு டிகிரி. எழுதிக்கங்க." பாதரசம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பாண்டியம்மாளும் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கொத்து தனக்கு என்று எல்லாருக்கும் தெரியும். உக்கிரபாண்டி கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். எதற்காகவோ காத்திருப்பது போல இருந்தது. பிறகு சிரித்தார்.

"பள்ளிக்கூடம் திறந்த பெறகு உங்க எடத்துக்கே வந்து கடைசிப் பாடம் பார்ப்பேன். மலைப் பள்ளிக்கூடத்துக்காரங்க எல்லாருக்கும் இதே பாடந்தான். ஆளுக்கொரு மீட்டர் தர்றேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க. ஒடைச்சவங்க வீட்டுக்குப் போகலாம்."

மலையில் மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. ஏலச்செடிகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து கரும்பலகையை நனைத்துவிட்டுப் போகும். பாண்டியம்மாள் மூன்று கல் கூட்டி, பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்து, விறகைத் தள்ளினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டரை விட்டாள். பாதரசம் ஏறியது, ஏறியது, இருநூற்றி நாலில் வந்து நின்றுகொண்டது.

ஈர விறகு என்று நினைத்தாள். காய்ந்த விறகு வாங்கி வந்து எரித்தாள். இருநூற்றி நாலு. மூடி போட்டுக் கொதிக்க வைத்தாள். இருநூற்றி நாலு. செம்பை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். தண்ணீர் செம்பை விட்டுப் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததே தவிர, பாதரசம் ஒரு கோடு ஏறவில்லை.

மீட்டரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லாரியில் குலுங்கி வந்ததில் மீட்டர் கெட்டுவிட்டது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு வாங்கியது. கெட்டது என்று சொன்னால் கெடுத்தது நீ என்பார்கள். யாரிடமாவது கேட்கலாம். உக்கிரபாண்டிக்கே ஒரு தபால் கார்டு போடலாம். ஆனால் கேட்பது என்றால் குறையைக் கொண்டுபோய் அடுத்தவன் கையில் கொடுப்பது. வீரையா அண்ணன் அப்படித்தான் கேட்டார். அவளிடமே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போடிச் சந்தையில் சோலைமலையைப் பார்த்தாள். அடுத்த மலையில் இன்னொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவளோடு பயிற்சியில் இருந்தவன், மீசை இப்போதுதான் கறுக்கிற வயது.

"என்னக்கா, பாடமெல்லாம் தயாரா?"

"தயாருதான். உனக்கு மீட்டரு எப்படிக் காட்டுது?"

அவன் கண் சட்டென்று வேறு பக்கம் போனது. "கச்சிதமாக் காட்டுதுக்கா. இருநூத்திப் பன்னெண்டு. உனக்கு?"

"எனக்கும் அதேதான்," என்றாள் பாண்டியம்மாள்.

இரண்டு பேரும் புளி வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

மலைக்குத் திரும்பி ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். மீட்டர் என்ன காட்டினாலும் சரி, பிள்ளை இருநூற்றிப் பன்னிரண்டு என்று சொன்னால் போதும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து அடுப்புப் புகைக்குள் தலையை விடவா போகிறார்?

பிள்ளை என்றால் ஒரே ஒரு பிள்ளைதான். தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகள் வேலை இல்லாத நாளில் பள்ளிக்கூடம் வருகிறவர்கள். அவர்களில் நூறுக்கு மேல் எண் படிக்கத் தெரிந்தது செல்லக்கிளி மட்டும். காய் பறிக்கிற சுருளியம்மாளின் மகள். ஒன்பது பத்து வயசு இருக்கும், நறுக்கென்ற கண். மீட்டரைக் கையில் வாங்கியவுடன் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கும். அப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது பாண்டியம்மாள்தான். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

"எவ்வளவு காட்டுது?"

"இருநூத்தி நாலு டீச்சர்."

"இருநூத்திப் பன்னெண்டுன்னு சொல்லு."

பிள்ளை மறுபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது. "இல்ல டீச்சர், நாலுலதான் நிக்கிது. வேணும்னா நீங்க பாருங்க."

முதல் நாள் நல்ல வார்த்தையாகச் சொன்னாள். இரண்டாம் நாள் கருப்பட்டி கொடுத்தாள். பிள்ளை கருப்பட்டியைத் தின்றுவிட்டு இருநூற்றி நாலு என்றது. பொய் சொல்ல மாட்டேன் என்கிற பிடிவாதம் எல்லாம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு, டீச்சரைச் சந்தோஷப்படுத்தத்தான் அதுவும் பாடுபட்டது. மூன்றாம் நாள் பாண்டியம்மாள் மர ஸ்கேலை எடுத்தாள். கையை நீட்டச் சொல்லி விரல் முட்டியில் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் இருநூற்றிப் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும். செம்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். பிள்ளை தேம்பிக்கொண்டே சொல்லும். அடி நின்று மீட்டரைக் கையில் கொடுத்ததும், மறந்துபோய் மறுபடி இருநூற்றி நாலு என்றுவிடும். உடனே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்து தானாகவே கையை நீட்டும். அப்படி நீட்டும்போது பாண்டியம்மாளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

சுருளியம்மாள் ஒருநாள் காய்ச்சாக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, பிள்ளையை அடிங்க, நான் வேணாங்கல. படிப்புன்னா அடி உண்டுதான். ஆனா வலது கையில அடிக்காதீக. விரலு வீங்கிப்போயி காய் எடுக்க மாட்டேங்குது. கங்காணி வையுறான்."

"சரி, எடது கையில அடிக்கிறேன்," என்றாள் பாண்டியம்மாள். அப்படியே செய்தாள்.

வாரக் கடைசியில் செல்லக்கிளி மீட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தயங்காமல் இருநூற்றிப் பன்னிரண்டு என்றது. பாண்டியம்மாள் அதைக் கட்டிக்கொண்டு தலையில் முத்தம் கொடுத்தாள். பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

ஜீப்பு வந்த அன்று மழை விட்டிருந்தது. உக்கிரபாண்டி இறங்கினார். கூடவே குறை பார்க்க மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாலைந்து பேர், அவர்களில் சோலைமலையும். அவனுடைய பள்ளிக்கூடம் மறுநாளைக்கு. பாண்டியம்மாள் பாடத்தை ஆரம்பித்தாள். நன்றாகவே நடத்தினாள். கேள்வி கேட்டாள், கரும்பலகையில் படம் போட்டாள், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தண்ணீர் கொதித்தது. செல்லக்கிளியைக் கூப்பிட்டாள்.

பிள்ளை பார்த்தது. "இருநூத்திப் பன்னெண்டு டிகிரி," என்றது கணீரென்று.

உக்கிரபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.

புகையைக் கையால் விலக்கிக்கொண்டு செம்புக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவர் பிள்ளையின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார். "நல்லாப் பாரு பாப்பா. பயப்படாத. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

செல்லக்கிளி மீட்டரைப் பார்த்தது. டீச்சரைப் பார்த்தது. டீச்சரின் முகம் என்ன கெஞ்சுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?

"இருநூத்திப் பன்னெண்டு சார்."

"சோலைமலை, நீ வந்து பாரு."

சோலைமலை குனிந்து பார்த்தான். நிமிர்ந்து உக்கிரபாண்டியின் முகத்தைப் பார்த்தான். "இருநூத்தி நாலு சார்," என்றான்.

"ஆமா, இருநூத்தி நாலு. மீட்டர் நல்ல மீட்டர்." பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டு உக்கிரபாண்டி ஜிப்பாவில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டார். "மேல ஏற ஏறக் காத்தோட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா தண்ணி முன்னாடியே கொதிச்சிரும். புத்தகத்துல இருக்கறது கடலோரத்துக் கணக்கு. போடியிலயே ரெண்டு டிகிரி கம்மி. இந்த மலையில இருநூத்தி நாலுக்கு மேல அது எப்படியும் ஏறாது."

பாண்டியம்மாள் கேட்டாள், "போடியில ஏன் சார் இதைச் சொல்லல?"

"நீ ஏம்மா கேக்கல? அன்னைக்கு உங்க முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டே நின்னேன். ஒருத்தராவது கேப்பீகன்னு. மலைக்கு வந்த பெறகாவது, மீட்டரு கம்மியாக் காட்டுதேன்னு ஒரு கார்டு போட்டிருந்தா போதும், தேறியிருப்ப. நான் பாடத்தைப் பார்க்க வரலம்மா. யாருக்குக் கேக்கத் தெரியும்னு பார்க்க வந்தேன்."

கேட்டவனையெல்லாம் கொத்த வைத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்கிறான் இந்த மனுஷன். அவன் ஜிப்பாவைப் பிடித்து உலுக்கி அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. கேட்கவில்லை. அவர் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டு, "சரி, குறை சொல்லுங்க," என்றார்.

சோலைமலைதான் முதலில் எழுந்தான்.

"பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்திருக்காங்க சார். வாத்தியார் வேலைக்கே இது அடுக்காது." குரல் நடுங்காமல் சொன்னான். ஆனால் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. சந்தையில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கச்சிதம் என்றவன். அவன் மீட்டரும் பன்னிரண்டுக்கு ஏறவே இல்லை. அவன் பிள்ளைகளும் பன்னிரண்டைத்தான் நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலமே ஓடிப்போய் அதை மாற்றிவிடுவான், நாளைக்குத் தேறிவிடுவான். பாண்டியம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

"நல்ல கண்ணு," என்றார் உக்கிரபாண்டி. "அடுத்தது?"

அடுத்தவர் பிள்ளையின் விரல் முட்டி வீங்கியிருந்ததைச் சொன்னார். அதற்கும் அடுத்தவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. டீச்சரின் சேலையில் கரி பட்டிருந்தது என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள். பாண்டியம்மாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஜீப்பில் ஏறும்போது உக்கிரபாண்டி சொன்னார், "மாசக் கடைசியில ரூம் சாவியை எஸ்டேட் ஆபீசுல குடுத்துரும்மா."

ஜீப்புச் சத்தம் வளைவுகளில் இறங்கி இறங்கித் தேய்ந்தது. பாண்டியம்மாள் அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி வாசலில் நின்று என்ன சொல்வாள் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் கேட்டது. தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. செல்லக்கிளி மட்டும் போகாமல் வெளியே காத்திருந்துவிட்டு, ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஓடி வந்தது.

"டீச்சர், இன்னைக்கு ரெண்டு தடவையும் சரியாச் சொல்லிட்டேன்ல? அந்த சார் எப்படி எப்படியோ கேட்டாரு. நான் மாத்திச் சொல்லவே இல்ல."

அந்தச் சந்தோஷத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"தப்பு," என்றாள் பாண்டியம்மாள். "இருநூத்தி நாலு."

பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. செம்பை ஒருதரம் பார்த்தது, டீச்சரை ஒருதரம் பார்த்தது. பிறகு இடது கையை நீட்டியது.

அந்தக் கை நீளாமல் இருந்திருந்தால் பாண்டியம்மாள் ஒருவேளை அழுதிருப்பாள். ஒருவேளை பிள்ளையைக் கட்டிக்கொண்டுகூட இருப்பாள். கை நீண்டுவிட்டது. ஸ்கேல் எட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுத்து அடித்தாள்.

"இருநூத்தி நாலு," என்றது செல்லக்கிளி, யாரும் சொல்லாமலே, செம்பைப் பார்த்துக்கொண்டு.

அவள் மறுபடி அடித்தாள்.

"இருநூத்தி நாலு."